ரம்பம் தீட்டும் நேரமும் வேலை நேரமே

நெஞ்சுக்கு நேரே இரும்புப் பல் ஓட நின்று மரம் அறுக்கும் தோழர்களே! அறுத்த பலகையைத் தலையில் சுமந்து அடுக்கும் தாய்மார்களே! கட்டைகளை ஏற்றிக்கொண்டு இந்த வாயிலில் காத்து நிற்கும் வண்டிக்காரர்களே! சற்றே செவி கொடுங்கள். நான் உங்கள் முன் படிப்பது ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய மடல். அந்த மகன் இந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன். நேற்றிலிருந்து அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. வீட்டுக்குள் பேச வேண்டியதை வாயிலில் நின்று பேசுகிறேன் என்றால், வீட்டுக்குள் எனக்கிருந்த வாயில்கள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

மகனே! என் முறையீடு ஒன்றுதான். ரம்பம் தீட்டும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று நீ ஒரு விதி செய்தாய். அந்த விதி, விரிசல் விட்ட ரம்பப் பட்டையின் முன் உன் தாய்மாமன் முனிரத்தினத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இன்று காலை பொறி ஓடத் தொடங்கினால் அவன் அதன் முன் நிற்பான். அவன் என் தம்பி. நீ என் மகன். இருவருக்கும் நடுவே நான் நிற்கிறேன். என் கையில் இந்தத் தாளைத் தவிர ஒன்றும் இல்லை.

இதைக் கேட்கிறவர்களில் ஆலைக்குள் கால் வைக்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுயரத்துக்கு மேலே ஒரு சக்கரம், தரைக்குக் கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஓடும் நீண்ட எஃகுப் பட்டை. அதன் ஓரம் முழுதும் பல். கட்டையைத் தள்ளிக் கொடுத்தால் பட்டை அதைக் கிழித்துப் பலகையாக்கும். சில மணி நேரம் ஓடினால் பல் மழுங்கும். மழுங்கிய பட்டையை இறக்கி, தீட்டி வைத்த வேறொன்றை ஏற்ற வேண்டும். ஏற்றி இறுக்கி நேர் பார்க்கும் வரை பொறி நிற்கும், ஆட்களும் நிற்பார்கள். இறக்காமல் ஓட்டினால் பட்டை சூடேறும், கோணும், பல்லின் அடியில் மயிரிழை போல விரிசல் விடும். பிறகு ஒரு நொடியில் அறுந்து, சீறிய பாம்பைப் போல வெளியே பாயும். இதை உனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உன் நைனா வாழ்நாளெல்லாம் ரம்பம் தீட்டியவர். பள்ளிவிட்ட பிறகு நீ அவர் பக்கத்தில் குந்தியிருந்து வளர்ந்தவன். பட்டையின் ஒலியை வைத்தே அதன் நிலையைச் சொல்லக்கூடியவன். தெரியாமல் செய்பவனாக இருந்தால் நான் இத்தனை அஞ்சமாட்டேன்.

மரம் அறுக்கிறவனின் கூலி எப்படி வந்தது என்று நீ ஒருமுறையாவது எண்ணிப் பார்த்ததுண்டா? என் தந்தை விஜயபுரத்துப் பக்கத்து ஊர்களில் குழி அறுவை செய்தவர். பள்ளம் வெட்டி, மேலே கட்டையைக் கிடத்தி, மேலே ஒருவர், பள்ளத்துக்குள் ஒருவர், நடுவே ரம்பம். கரி தோய்த்த நூலைக் கட்டையின் மேல் அடித்துக் கோடு போடுவார்கள். அறுத்த கோட்டின் நீளத்துக்குத்தான் கூலி. ரம்பத்தைத் தீட்டுவது அவர் சொந்தப் பொழுதில், சொந்த அரத்தில். விடியுமுன் எழுந்து தீட்டுவார். வேலை முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போகும்போதும் தீட்டுவார். அவர் கதவுக்கு மரம் அறுத்துக் கொடுத்த வீட்டு வாசலில், அதே கதவு வேலைக்கு வந்த தச்சரைப் பார். அவருக்கு நாட்கூலி, நண்பகல் சோறு. வெயில் ஏறியதும் வேப்ப நிழலில் உட்கார்ந்து உளியைத் தீட்டுவார். வீட்டுக்காரர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொல் கேட்கமாட்டார். உளி தீட்டுவது வேலை என்று ஊர் ஏற்றுக்கொண்டது. ரம்பம் தீட்டுவதை மட்டும் அறுப்பவனின் சொந்தக் கவலை என்று தள்ளிவிட்டது. இருவரும் கைத்திறன் உள்ளவர்கள்தாம். ஒருவருக்கு நாளை அளந்தார்கள். மற்றவருக்கு நூலை அளந்தார்கள். எதை அளக்கிறார்களோ அதற்கு மட்டுமே விலை; அளக்காத உழைப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

பொறி வந்தது. குழியைத் தூர்த்தார்கள், அந்தக் கணக்கை மட்டும் தூர்க்கவில்லை. நீ பிறப்பதற்கு முன், நானும் உன் நைனாவும் சித்தூரில் மாம்பழப் பெட்டிக்குப் பலகை அறுக்கும் ஆலையில் வேலை செய்தோம். அவர் தீட்டுபவர், நான் பலகை அடுக்குபவள். மாங்காய்ப் பருவத்தில் ஆலைக்கு ஓய்வே கிடையாது. வெளிச்சம் வந்ததும் தொடங்கினால் வெளிச்சம் போன பிறகும் ஓடும். ஆனால் கூலி, பொறி ஓடும் நேரத்துக்கு மட்டும். மின்விசை போனால் கூலி நிற்கும். கட்டை வராவிட்டால் நிற்கும். பட்டையை இறக்கினாலும் நிற்கும். மேஸ்திரி என்றொருவர் பொறியைச் சுழற்றும் வார்ப்பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; அது அசைந்தால்தான் அவருக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று பொருள். ஆகையால் தீட்டும் நேரமெல்லாம் உன் நைனாவுக்கு ஏச்சு. ஏகாம்பரம் என்று ஒருவன், பொறியின் முன் நிற்பவன், நல்ல வாய்க்காரன். அவன் கூவுவான்: "யோவ், பொண்டாட்டிக்கு மூக்குத்தி பண்ணிக்கினு கீறியா? சீக்கிரம் தாய்யா! வவுறு காயுது இங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். உன் நைனா, "இன்னும் கொஞ்சம் பல்லு கீதுடா, இரு" என்பார். "கீறது போதும், ஏத்து!" என்பான் அவன். அப்படி ஒருநாள் பாதி தீட்டிய பட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி ஏற்றினார்கள். அது அறுந்தது. ஏகாம்பரத்தின் வலக்கை முழங்கைக்குக் கீழே போனது.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் நின்றிருந்தபோது, மேஸ்திரி வந்து பொறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது என்றார். அந்தச் சொல்தான் என்னை மேடையேற்றியது. மேடை என்ன மேடை, ஒரு மாங்கட்டை. நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், சொல் தூய்மையாக இருந்தால் பொருளும் தூய்மையாக இருக்கும் என்று நம்பி, எங்களைப் பேச்சுப் போட்டிகளுக்குப் பழக்கியவர். அந்தப் பழக்கம் அன்று கைகொடுத்தது. "நின்ற நேரம் முதலாளியுடையது என்றால் அவர் கூலி கொடுக்கட்டும். நம்முடையது என்றால், அந்த நேரத்தில் நாம் எங்கே போகிறோம் என்று அவர் கேட்க வேண்டாம்!" இவ்வளவுதான் பேசினேன். மறுநாளிலிருந்து நாங்கள் வேலை நிறுத்தம் செய்யவில்லை. பட்டையை இறக்கியதும் எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குத் தேநீர் குடிக்கப் போனோம். உன் நைனா அமைதியாகத் தீட்டினார். தீட்டி முடித்தால் பட்டையை ஏற்ற ஆள் இல்லை. முதலாளி வெளியே ஓடிவந்தார். "ஏம்மா, எக்கட போதுன்னாரு அந்தரு?" என்று, எல்லாரும் எங்கே போகிறீர்கள் எனக் கேட்டார். "டீ தாகேதானிகி சாமி. மா டைமு கதா!" என்றேன். எங்கள் நேரந்தானே என்றதும் அவர் திரும்பி உள்ளே போனார். தேநீரை நாங்கள் மெல்லக் குடித்தோம். ஒருவன் முடிவெட்டிக்கொண்டு வந்தான். இன்னொருத்தி சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தாள். மாம்பழம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை; பெட்டியில்லாமல் வண்டிகளில் பழுத்து வடியத் தொடங்கியது. அந்தப் பருவம் முடிவதற்குள் தீட்டும் நேரம் வேலை நேரமாயிற்று. முதலில் ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். பெண்களுக்கும் வாங்க மறுபடியும் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூலியில்தான் நீ வளர்ந்தாய், மகனே. உன் தொழிற்பயிற்சிப் படிப்பும் அதில்தான் நடந்தது.

உன் பக்கத்தை நான் அறியாதவள் அல்லேன். திருப்பதியில், சந்திரகிரிச் சாலையில் இந்த ஆலையைப் பழைய முதலாளி இழுத்துப் பூட்ட இருந்தார். நீ எடுத்து நடத்தியதால் இத்தனை அடுப்புகள் எரிகின்றன. தொழிற்சாலையில் செய்து வைத்த கதவை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மரக்கதவு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். குத்தகையும் மின்கட்டணமும் உன் தொண்டையைப் பிடிக்கின்றன. நாட்கூலியை எடுத்துவிட்டு, அறுத்த மரத்தின் அளவுக்கே கூலி என்று அடிக்கணக்கை நீ கொண்டுவந்தபோது உன் ஆட்கள் உன்னைத் தோளில் தூக்காத குறை. முதல் வாரமே கூலி கூடிற்று. தீட்டுபவரை நிறுத்திவிட்டாய், பட்டைகளை வெளியே ஒரு பட்டறைக்கு அனுப்புகிறாய், போனது திரும்ப நாளாகிறது. ஆகவே இருக்கும் பட்டை ஓடுகிறது, மழுங்கிய பின்னும் ஓடுகிறது. இறக்கக் கூடாது என்று நீ தடுக்கவில்லை என்பாய். உண்மைதான். நீ தடுக்கவில்லை, இறக்கினால் பட்டினி என்று மட்டும் செய்துவைத்தாய். அன்று எங்கள் வார்ப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மேஸ்திரி தேவைப்பட்டார். உனக்கு அவரும் தேவையில்லை. ஒவ்வொருவனையும் அவனுக்கே மேஸ்திரியாக்கிவிட்டாய்.

முந்தாநாள் உனக்குச் சோறு கொண்டுவந்தபோது வாயிலிலேயே எனக்குக் கேட்டது. மரத்தை அறுக்கும் ஒலியன்று. இரும்பு அழும் ஒலி. நான் உள்ளே கால் வைப்பதற்குள் பட்டை அறுந்தது. ஒரு துண்டு முனிரத்தினத்தின் காதோரமாகப் போய்ப் பின்னால் அடுக்கியிருந்த பலகையில் ஏறி நின்றது. அவன் அசையாமல் நின்றான். பிறகு காதைத் தொட்டுப் பார்த்து, "கீதுடா, கீதுடா" என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நீ அப்போது, உன்னிடம் கதவு நிலைகள் கேட்டிருக்கும் புது விடுதியின் கட்டடத்தில் இருந்தாய். நான் உன்னை அழைத்தேன். நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் இந்த ஊர் கேட்கட்டும்: "யாருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல? அப்புறம் இன்னாம்மா? வெல்டு வெச்சி ஏத்திட சொல்லிட்டேன். லாட்ஜ் ஆர்டரு முடியட்டும். அப்புறம் நீ சொல்றதெல்லாம் கேக்கறேன்." நான் கேட்டேன்: "நீ அப்புறம் கேப்படா. பிளேடு அதுவரைக்கும் கேக்குமா?" நீ இணைப்பைத் துண்டித்தாய். அன்று பிற்பகலே அந்தப் பட்டை பற்றவைப்போடு மறுபடியும் ஏறியது. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் விரிசல்கள் இருக்கின்றன. விரலால் தடவினால் தட்டுப்படும். தடவிப் பார்த்தேன்.

உன் ஆட்களிடம் போனேன். ஏகாம்பரத்தின் கதையைச் சொன்னேன். நாம் தேநீர் குடிக்கப் போகலாம் வாருங்கள் என்று அழைத்தேன். ஒருவன் கேட்டான்: "போலாம் அத்தே. டீக்கு யாரு துட்டு குடுக்கறது? நாம குடிச்சிக்கினு இருந்தா நஷ்டம் நமக்குத்தானே, ஓனருக்கு இன்னா?" மகனே, சங்க மேடைகளில் பல்லாயிரம் பேர் நடுவே திணறாதவள், அந்த ஒருவன் முன் திணறினேன். எங்கள் பழைய படைக்கலத்தை நீ எவ்வளவு நுட்பமாக மழுக்கிவிட்டாய்! நின்ற நேரத்தின் இழப்பு முதலாளியைச் சுட்டபோதுதான் அது வெட்டியது. இன்று அந்த நேரம் முழுவதும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. சங்கம் இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை இருக்கிறது. என் பின்னால் எவரும் இல்லை.

கடைசியாக, ஆலைக்கு விடுமுறையான நேற்று, நண்பகலில் என் தம்பியின் வீட்டுக்குப் போனேன். "வா யக்கா, துன்னு மொதல்ல, அப்புறம் திட்டு" என்று தட்டை வைத்தான். நான் தட்டைத் தொடவில்லை. "பிளேடு கத்துதே, உன் காதுல விழலியாடா?" என்றேன். "விழுது. விழுதுன்னு எறக்கினா நாலு பேரு சும்மா குந்திக்கினு இருப்பானுங்க. அப்புறம் என்ன உயிரோட உடுவானுங்களா?" என்றான். "நாளைக்கு நீ போவாதே" என்றேன். "நீ மைக்குல பேசினா கேக்க நல்லா கீது யக்கா. சனிக்கிழம கைக்கு வர்றது அதவிட நல்லா கீது" என்று சிரித்தான். நான் எழுந்தேன். அப்போது சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அந்த வாக்கை இந்த வாயிலில் நான் முறிக்கிறேன். "கல்யாணத்துல மாப்ளைக்கு நான் மோதிரம் போட வேணாமா? பவுனு விக்கிற வெலைக்கு நாட்கூலில ஆவுமா? தாய்மாமன் வெறுங்கையோட வந்து நின்னான்னு பொண்ணு வீட்ல பேசமாட்டாங்க? அவன் அடிக்கணக்கு போட்டது எனக்கு நல்லதாப் போச்சி, யக்கா. இன்னும் ரெண்டு வாரம் ஓட்டிட்டா மோதிரம் வந்துரும்."

கேட்டாயா? உன் விரலுக்கு ஒரு மோதிரம் செய்வதற்காக அவன் மழுங்கிய பட்டையை இறக்காமல் ஓட்டுகிறான். உன் விதியால் கூடிய கூலியை உனக்கே திருப்பித் தர, உன் பொறியின் முன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். முறை என்று ஒன்று நம்மிடையே இருக்கிறது. தாய்மாமன்தான் மாப்பிள்ளையின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். விரலில் பொன் போட வேண்டும். போடாதவன் உறவின் முன் தலை குனிய வேண்டும். அந்த முறையை ஒழித்துவிட்டுத்தான் என் தம்பியைக் காப்பாற்ற வேண்டும் என்றால், இதோ, உன்னைப் பெற்றவள் ஒழிக்கிறேன். மோதிரம் வேண்டாம் என்று நான் சொன்னேன். "நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லட்டும்" என்றான். நீ சொல்லமாட்டாய், உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. இனி நீ வாய் மூடி நிற்கும் ஒவ்வொரு நொடியும், தெரிந்தே நிற்கும் நொடி.

உன் கணக்கை நீ போடு, நான் தடுக்கவில்லை. அளவுக்குக் கூலி என்பதை உன் ஆட்கள் விரும்பினால் அதுவே இருக்கட்டும். ஆனால் பட்டையை இறக்கி ஏற்றும் நேரத்துக்கு நாட்கூலி வீதம் கொடு. ஏனென்றால், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆன மறுநாளே அவர்கள் தாமாகவே இறக்குவார்கள். எவரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திய தீட்டுபவரைத் திரும்ப அழை. விடுதிக்காரரிடம் போ, நிலைகள் நாளாகும் என்று சொல். நிலை பிந்தினால் அவருடைய அறை பிந்தித் திறக்கும். அவர் ஏசுவார். ஏச்சை வாங்கிக்கொள். உன் நைனா வாங்காத ஏச்சா? தீட்டும் கல்லின் முன் உட்கார்ந்து, ஊரே சிரிக்க, மனைவியும் சேர்ந்து சிரிக்க, இன்னும் கொஞ்சம் பல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய பிள்ளை ஒரு விடுதிக்காரரின் ஏச்சுக்கு அஞ்சுவதா?

மகனே, இத்தனை ஆண்டுகள் எத்தனையோ முதலாளிகளை நோக்கிக் கை நீட்டிப் பேசினேன். அவர்களில் எவரையும் நான் பெற்றதில்லை. ஆகவே அவர்கள் முன் என் குரல் நடுங்கியதில்லை. இன்று நடுங்குகிறது. இதைக் கேட்டு நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். உன்னைத் தோற்கடிக்க நான் வரவில்லை. உன் திருமணப் பந்தலில் என் தம்பியின் மனைவி வெறுங்கழுத்தோடு மூலையில் நிற்பதை நான் பார்க்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டே நீ தாலி கட்டக் கூடாது. அதற்குப் பிறகு நான் உன்னை மகனே என்று அழைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம், அந்த இடத்துக்கு என்னைத் தள்ளாதே.

இனிச் சொல்வது இந்தத் தாளில் இல்லை. நீ அலுவலறையின் பலகணிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். உன் சட்டை தெரிகிறது. உள்ளே வேங்கைக் கட்டையை ஏற்றிவிட்டார்கள். முனிரத்தினம் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருக்கிறான். பொறி இன்னும் ஓடவில்லை. மின்விசைப் பெட்டியின் பூட்டு உன்னிடம் இருக்கிறது. வெளியே வா. பெட்டியைப் பூட்டு. உன் மாமனைக் கையைப் பிடித்து அப்பால் அழைத்து வா. மோதிரம் வேண்டாம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். உன் கையாலேயே அந்தப் பட்டையை இறக்கு. கூலியைப் பிறகு பேசுவோம், திருமணத்தைப் பிறகு பேசுவோம், என் மேலுள்ள சினத்தையும் பிறகு பேசுவோம். முதலில் இறக்கு. இப்போதே இறக்கு.